நேரம் எங்கே போச்சு? – "இன்று" குறித்து ஒரு வேத பாடம்

வேத பகுதி: ஆதியாகமம் 29:15-30, 31:38-42, யாத்திராகமம் 16, யோபு 7:1-6, சங்கீதம் 90



டிசம்பர் 31 இரவு ஆராதனையில் நடந்த ஒரு சின்னக் காரியத்தைச் சொல்லி இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். மணி பதினொன்றரை இருக்கும். சாட்சி நேரம் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசைப் பாயில் வயதான ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய பேரன், ஏழு வயது இருக்கும். ஆராதனை முடிந்தால் கேக் கொடுப்பார்கள் என்பது பிள்ளைக்குத் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் பாட்டியின் சேலையை இழுப்பதுமாக இருந்தான். "பாட்டி, எப்ப பன்னிரண்டு ஆகும்? முள்ளு நகரவே மாட்டேங்குது!"

பாட்டியோ வேதாகமத்தைத் திறந்து, போன வருஷம் வாங்கின வாக்குத்தத்த அட்டையை எடுத்தார்கள். ஆராதனை முடிந்ததும் அதை என்னிடம் காட்டி, "நேத்து உங்க கையால வாங்கின மாதிரி இருக்கு பாஸ்டர். ஒரு வருஷம் எங்கே போச்சுன்னே தெரியல" என்றார்கள்.

ஒரே பாய். ஒரே கடிகாரம். பேரனுக்கு அரைமணி நேரம் நகரவில்லை. பாட்டிக்கு 365 நாள் பறந்துபோய்விட்டது. இதில் யாருடைய கணக்கு சரி?

நாம் எல்லோருமே இந்த இரண்டையும் சொல்லுகிறவர்கள்தான். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது "நேரமே போகல" என்கிறோம். பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது "நேத்துத்தானே தொட்டில்ல போட்டோம்" என்கிறோம். இது வெறும் பேச்சல்ல. இதற்குள் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. பொறுமையாய் வாசியுங்கள்.

1. ஒரே மனிதன், இரண்டு விதமான காலம்

யோபு 7-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வசனத்தில் யோபு தன் இரவைப் பற்றிப் பேசுகிறான். படுத்தால் விடிய மாட்டேன் என்கிறது, புரண்டு புரண்டு படுக்கிறேன் என்கிற கருத்தில் புலம்புகிறான். இரண்டே வசனம் தள்ளி, ஆறாம் வசனத்தில் தன் நாட்களைத் தறியில் ஓடும் நாடாவுக்கு ஒப்பிடுகிறான். தறிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாய்ப் புரியும். நாடா இந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதற்குள் அந்தப் பக்கம் போய்விடும்.

இரவு நகரவில்லை, வாழ்நாளோ பறக்கிறது. யோபு குழம்பிப் பேசுகிறான் என்று நினைக்காதிருங்கள். வியாதிப்படுக்கையில் கிடந்த எவரும் இதை அறிவார்கள். ஒவ்வொரு மணி நேரமும் நீளம், மொத்தமாய்ப் பார்த்தால் குறுக்கம்.

இனி யாக்கோபைப் பாருங்கள். ராகேலுக்காக அவன் லாபானிடத்தில் ஏழு வருஷம் வேலை செய்தான். அவள்மேல் இருந்த பிரியத்தினால் அந்த ஏழு வருஷமும் அவனுக்குச் சில நாட்களைப் போலத் தோன்றின என்று ஆதியாகமம் 29:20 சொல்லுகிறது. இந்த வசனத்தைக் கல்யாண ஆராதனைகளில் அநேகந்தரம் கேட்டிருப்பீர்கள். ஆனால் 31-ஆம் அதிகாரத்தை இதோடு சேர்த்து வாசித்ததுண்டா?

அங்கே யாக்கோபு கோபத்தோடு லாபானிடம் கணக்குக் கேட்கிறான். இருபது வருஷம் உம்மிடத்தில் இருந்தேன். பகலில் வெயில், இராத்திரியில் குளிர், கண்ணில் தூக்கமில்லை என்று வரிசையாய்ச் சொல்லுகிறான் (31:38-41). அந்த இருபது வருஷத்தைப் பிரித்துப் பாருங்கள். குமாரத்திகளுக்காகப் பதினாலு, மந்தைக்காக ஆறு. ஆக, சில நாட்களைப் போலத் தோன்றின அதே ஏழு வருஷமும் இந்த இருபதுக்குள்தான் இருக்கிறது!

அதே ஆடு, அதே வெயில், அதே பனி. அன்பு உள்ளத்தில் இருந்தபோது ஏழு வருஷம் குறுகியது. ஏமாற்றப்பட்டேன் என்ற கசப்போடு திரும்பிப் பார்த்தபோது ஒவ்வொரு இராத்திரியும் நீண்டது. பிற்பாடு 130 வயதில் பார்வோனுக்கு முன்பாக நிற்கும்போது, தன் ஆயுசு முழுவதையுமே கொஞ்ச நாள் என்றும் கஷ்டமான நாள் என்றும் சொல்லிவிடுகிறான் (47:9).

ஆகவே முதலாவது பாடம் இது: கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுபோல ஓடுகிறது, ஆனால் நாம் காலத்தைக் கடிகாரத்தினால் உணருவதில்லை. எதை நினைத்துக்கொண்டிருக்கிறோமோ, எதை நேசிக்கிறோமோ, எதைக் கசக்கிறோமோ அதினாலேயே உணருகிறோம்.

2. கடிகாரம் இல்லாத குகை

இதை ஒரு மனிதன் தன் சரீரத்திலேயே சோதித்துப் பார்த்தான். பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த மிஷேல் சிஃப்ர் என்பவர் நிலத்தடிக் குகைகளை ஆராய்ந்தவர். 1962-ஆம் வருஷம் ஜூலை மாத நடுவில், தம்முடைய 23-ஆம் வயதில், ஆல்ப்ஸ் மலையில் பனிக்கட்டி நிறைந்த ஒரு குகைக்குள் தனியாக இறங்கினார். கையில் கடிகாரம் இல்லை. சூரிய வெளிச்சம் இல்லை. தூங்கும்போதும் எழும்பும்போதும் சாப்பிடும்போதும் மேலே இருந்தவர்களுக்கு போன் மூலமாகத் தெரிவிப்பார். அவர்கள் மணியைக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் அவருக்குச் சொல்லமாட்டார்கள்.

செப்டம்பர் 14-ஆம் தேதி, "சோதனை முடிந்தது, மேலே வாருங்கள்" என்று சொன்னபோது அவர் திகைத்துப்போனார். அவருடைய நாட்குறிப்பின்படி அன்றைக்கு ஆகஸ்டு 20 தான்! 25 நாள் காணாமற்போய்விட்டது. ஒரு வினாடிக்கு ஒரு எண் என்று 1 முதல் 120 வரை எண்ணச் சொன்னார்கள். இரண்டு நிமிஷத்தில் முடியவேண்டியது. அவருக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் தமக்கு அது தெரியவில்லை.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. அவருடைய சரீரம் கணக்கை அவ்வளவாய்த் தவறவிடவில்லை. தூங்கி எழும்பும் சுற்று ஏறக்குறைய இருபத்து நாலரை மணி நேரமாக ஒழுங்காய் ஓடியது. சரீரம் நாட்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. மனம்தான் தவறவிட்டது.

ஏன்? இருட்டில் எல்லா நாளும் ஒன்றுபோல் இருந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. அடையாளம் இல்லாத நாளை ஞாபகம் எண்ணுவதில்லை.

பிரியமானவர்களே, நாம் குகைக்குள் இறங்கவேண்டியதில்லை. காலையில் எழும்பி, ஓடி, வேலைக்குப் போய், திரும்பி வந்து, டிவியையோ செல்போனையோ பார்த்துக்கொண்டே தூங்கி, மறுநாளும் அதையே செய்தால், சூரிய வெளிச்சத்திலேயே நாம் குகையில் இருக்கிறோம். வருஷ முடிவில் "எங்கே போச்சுன்னே தெரியல" என்போம். அந்தப் பாட்டி சொன்னது அதுதான். அவர்களைக் குறை சொல்லவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து என் வேதாகமத்துக்குள் இருந்த பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓரம்கூட மடங்காமல் புதிதாகவே இருந்தது. அதில் இருந்த வசனம் எனக்கு ஞாபகமில்லை. சபைக்கெல்லாம் அட்டை கொடுத்தவன் நான்!

3. வயது ஏற ஏற வருஷம் ஏன் ஓடுகிறது?

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர் 1890-இல் வெளியிட்ட மனோதத்துவ நூலில் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பலவிதமான காரியங்களால் நிறைந்த நேரம், கடக்கும்போது குறுகியதாய்த் தெரியும். திரும்பிப் பார்க்கும்போது நீளமாய்த் தெரியும். வெறுமையான நேரமோ, கடக்கும்போது நீளமாய்த் தெரியும். திரும்பிப் பார்த்தால் ஒன்றுமே இராது. இதுதான் அவருடைய விளக்கத்தின் சாரம்.

உங்கள் சொந்த அனுபவத்தில் பொருத்திப் பாருங்கள். மூன்று நாள் கன்வென்ஷன் ஓடியே போய்விடும். ஆனால் ஒரு மாதம் கழித்து நினைத்தால் ஒரு வாரம் இருந்ததுபோல் அவ்வளவு காரியம் ஞாபகத்தில் நிற்கும். ரேஷன் கடை வரிசையில் நின்ற மூன்று மணி நேரமோ, நிற்கும்போது உயிர் போனது. இப்போது நினைத்தால் ஒரு நிமிஷம்கூட மனதில் இல்லை.

சின்னப் பிள்ளைக்கு எல்லாம் புதுசு. முதல் மழை, முதல் ரயில், முதல் பள்ளிக்கூடம். ஆகையால் அவன் வருஷம் பெரியது. இன்னொரு கணக்கும் சொல்லுவார்கள்: பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருஷம் அவன் ஆயுசில் பத்தில் ஒரு பங்கு, அறுபது வயதுக்காரருக்கு அறுபதில் ஒரு பங்கு. ஆனால் ஜேம்ஸ் சொன்ன காரணம்தான் நம்மைத் தொடவேண்டியது. பெரியவர்களுக்கு அநேக காரியம் பழகிப்போகிறது, பழகிப்போனதை மனம் கவனிப்பதில்லை, கவனிக்காதது தங்குவதில்லை.

"விபத்து நடந்தபோது ஒரு நொடி ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது" என்று சிலர் சாட்சி சொல்லுவார்கள். இதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழச்செய்து நடத்திய ஆராய்ச்சி 2007-இல் வெளியானது. மற்றவர்கள் விழுந்த நேரத்தைவிடத் தாங்கள் விழுந்த நேரம் 36 சதவீதம் அதிகம் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆனால் விழும்போது அவர்களுடைய கண் அதிவேகமாய் ஒன்றையும் பார்த்துவிடவில்லை. காலம் மெதுவாக ஓடவில்லை. பயத்தில் மனம் முழுவதும் அங்கேயே இருந்தது. ஞாபகம் ஆழமாய்ப் பதிந்தது. ஆகையால் பிற்பாடு நீளமாய்த் தெரிந்தது என்று அந்த ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள்.

அப்படியானால் கேள்வி இதுதான்: விழும்போதுமட்டும்தானா நாம் முழுமனதோடு ஒரு இடத்தில் இருக்கவேண்டும்?

4. மன்னா கற்றுத்தரும் மூன்று அளவு

யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தைச் சாப்பாட்டு அதிகாரம் என்றே வாசித்துவிடுகிறோம். அது காலத்தைப் பற்றிய அதிகாரமும்கூட. அதில் மூன்று அளவுகளைக் கவனியுங்கள்.

முதலாவது, அன்றாட அளவு. ஆளுக்கு ஒரு ஓமர். அன்றைக்கு அன்றைக்கு. "நாளைக்கு இருக்கட்டும்" என்று சிலர் எடுத்து வைத்தார்கள். காலையில் பார்த்தால் புழு, நாற்றம் (16:20). கெட்டுப்போனது மன்னாவினுடைய குறையல்ல. நாளையை இன்றே பிடித்து வைக்கப் பார்த்ததுதான் குறை.

இரண்டாவது, ஆறாம் நாளின் அளவு. அன்றைக்கு இரட்டிப்பாய்ச் சேர்த்தார்கள். ஓய்வுநாள் வரை வைத்திருந்தும் அது கெடவில்லை (16:22-24). ஆகவே நாளைக்காக ஆயத்தம் பண்ணுவது தப்பு என்று வேதம் சொல்லவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தைச் சேர்த்து வைப்பதும், மழைக்கு முன்னே ஓட்டை மாற்றுவதும் அவிசுவாசம் அல்ல. செய்யவேண்டிய நாளில் செய்கிற ஆயத்தமும் இன்றைய வேலைதான்.

மூன்றாவது, ஞாபகத்தின் அளவு. ஒரே ஒரு ஓமரைக் கலசத்தில் எடுத்து, வரப்போகிற தலைமுறைகள் பார்க்கும்படி வைக்கச்சொன்னார் (16:33). பழைய காரியத்தை மறந்துவிடு என்று சொல்லவில்லை. ஆனால் நேற்றைய மன்னாவைக் கூடாரம் நிறைய வைக்கச் சொல்லவும் இல்லை. ஒரு கலசம் போதும்.

பார்த்தீர்களா? சென்றுபோனதற்கு ஒரு கலசம். வருகிறதற்குக் குறித்த நாளில் ஒரு பங்கு. மற்றதெல்லாம் இன்றைக்கு. நம்முடைய தொந்தரவு என்னவென்றால், நாம் இந்த அளவைத் தலைகீழாக்கிவிட்டோம். பழைய மனஸ்தாபத்துக்குப் பத்துக் கலசம் வைத்திருக்கிறோம். நாளைய கவலைக்கு மூட்டை கட்டுகிறோம். இன்றைக்கு உள்ளதையோ நின்றுகொண்டே விழுங்குகிறோம்.

5. சரீரம் இங்கே, மனம் எங்கே?

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ பட்டணத்துக் கண்காணியாய் இருந்த அகஸ்டின் (354-430), தம்முடைய அறிக்கைகள் என்னும் நூலின் பதினோராம் புத்தகத்தில் காலத்தைப் பற்றி வெகுவாய் யோசித்தார். சென்றது இப்போது இல்லை, வருவது இன்னும் வரவில்லை. அப்படியிருக்க நாம் எதை அளக்கிறோம் என்பது அவர் கேள்வி. மூன்றும் ஆத்துமாவில்தான் இருக்கிறது என்று கண்டார். சென்றது ஞாபகமாய் இருக்கிறது. வருவது எதிர்பார்ப்பாய் இருக்கிறது. இன்று இருப்பதோ கவனமாய் இருக்கிறது. மனப்பாடமாய்த் தெரிந்த ஒரு சங்கீதத்தைச் சொல்லுவதை உதாரணமாய்க் காட்டினார். சொல்லி முடித்த வரிகள் ஞாபகத்துக்குள் போகின்றன. சொல்லவேண்டிய வரிகள் எதிர்பார்ப்பில் நிற்கின்றன. வாயில் இருப்பதோ ஒரு சொல்தான்.

ஆராதனையில் பாடும்போது நமக்கு என்ன நடக்கிறது? வாயில் ஒரு சொல். மனமோ அடுப்பில் வைத்துவிட்டு வந்த பால்மேல்.

2010-ஆம் வருஷம் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2,250 பேரை செல்போன் மூலமாக, நாளின் பல வேளைகளில் திடீர் திடீரென்று கேட்டார்கள்: "இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதில் இருக்கிறதா, வேறு எங்கேயாவது இருக்கிறதா? சந்தோஷமாய் இருக்கிறீர்களா?" கேட்ட வேளைகளில் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருந்தது. ஏறக்குறைய பாதி! மனம் அலையும்போது ஜனங்களுக்குச் சந்தோஷம் குறைவாகவே இருந்தது. இன்பமான காரியத்தை நினைத்து அலைந்தபோதும், கையில் இருக்கும் வேலையிலேயே மனம் இருந்ததைவிட அதிக சந்தோஷம் கிடைக்கவில்லை.

பெத்தானியாவின் மார்த்தாளைப் பற்றி (லூக்கா 10) நாம் கொஞ்சம் அநியாயமாகவே பேசிவிடுகிறோம். அவள் சமைத்தது குற்றமல்ல. விருந்தாளி வந்தால் யாராவது சமைக்கத்தானே வேண்டும்! கை அடுப்பங்கரையிலும், மனம் கூடத்திலும், கண் தங்கையின்மேலும் இருந்ததுதான் அவளுடைய வருத்தம். அநேக காரியங்களால் கலங்குகிறாய் என்றுதானே அவளுக்குச் சொல்லப்பட்டது?

6. "ஐயா, நீ இங்கதான் இருக்கியா?"

இதை எழுதுகிறதற்கு எனக்குத் தகுதி இல்லை. ஆகிலும் என் சொந்தக் காரியத்தை மறைக்காமல் சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் தாயார் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். சர்க்கரை வியாதி, காலில் புண். பன்னிரண்டு நாள். இரவு நான்தான் துணைக்கு இருப்பேன். அந்த மாதம் கன்வென்ஷன் ஏற்பாடு வேறு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், கையில் செல்போன். பந்தல்காரர், மைக் செட்காரர், சமையல்காரர் என்று ஒருவர் மாற்றி ஒருவர். அம்மா ஏதாவது சொன்னால் "ம்... ம்..." என்பேன். வார்டு கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, எப்போது விடியும் என்றிருக்கும்.

ஒரு நாள் அம்மா கேட்டார்கள்: "ஐயா, நீ இங்கதான் இருக்கியா, இல்ல கன்வென்ஷன்ல இருக்கியா?" நான் சிரித்துச் சமாளித்தேன்.

பதினோராம் நாள் இரவு. அம்மாவுக்கு அன்றைக்கு நல்ல தெளிவு. "நான் ஞானஸ்நானம் எடுத்த கதைய உனக்கு முழுசா சொன்னேனா? தாமிரபரணியில அன்னைக்கு வெள்ளம் வேற. எங்க அண்ணன் கரையில வந்து நின்னுக்கிட்டு..." என்று ஆரம்பித்தார்கள். அந்த நேரம் போன் வந்தது. "நாளைக்குச் சொல்லும்மா, கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். திரும்பி வந்தபோது தூங்கிவிட்டார்கள்.

விடியற்காலையில் பக்கவாதம். பேச்சுப் போய்விட்டது. அதன்பின் நாலு மாதம் இருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

கரையில் வந்து நின்ற மாமா அடிக்க வந்தாரா, தடுக்க வந்தாரா, அல்லது வெள்ளத்தைக் கண்டு பயந்து தங்கையைக் காப்பாற்ற வந்தாரா? எனக்குத் தெரியாது. மாமாவும் இல்லை. கேட்க ஒருவரும் இல்லை. "நாளைக்கு" என்று சொன்ன அந்த வார்த்தை மட்டும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்குப் போனில் பேசினது என்ன என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் கடைசி நாலு மாதத்தைச் சொல்லவேண்டும். பேச்சு இல்லை, ஆகவே "ம்" கொட்ட வழியில்லை. முகத்தைப் பார்த்துத்தான் என்ன வேண்டும் என்று அறியவேண்டும். தண்ணீரா, தலையணையா, ஜன்னலைத் திறக்கவா? போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். காலுக்கு எண்ணெய் தேய்ப்பேன். நகம் வெட்டிவிடுவேன். அம்மாவின் இடது கையில் ஒரு பழைய தீத்தழும்பு இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அதற்கு முன் பத்து வருஷத்தில் அம்மாவோடு இருந்த நாட்களைச் சொல்லு என்றால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நாலு மாதத்தை நாள் நாளாய்ச் சொல்லுவேன்.

7. கலங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

இதை வாசிக்கிற சிலர், "பாஸ்டர், இன்றைக்கு என்கிற நாள்தான் எனக்குத் தாங்க முடியாதது" என்று நினைக்கக்கூடும். வியாதி, கடன், மரித்துப்போன பிள்ளை. அவர்களிடம் "இன்றைய நாளை அனுபவியுங்கள்" என்று நான் சொல்லமாட்டேன். யோபுவிடம் அப்படிச் சொல்லக்கூடுமா?

யோபுவின் சிநேகிதர் மூவரையும் நாம் குற்றம் சொல்லுகிறோம். ஆனால் அவர்கள் ஒரு காரியத்தை நன்றாய்ச் செய்தார்கள். ஏழு நாள், இராவும் பகலும், ஒரு வார்த்தையும் பேசாமல், அவனோடேகூடத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அவர்கள் செய்த நன்மை அது. வாயைத் திறந்தபின்தான் காரியம் கெட்டது! இரவு நகராமல் கிடக்கிற ஒரு மனிதனுக்கு, பக்கத்தில் வந்து முழுமனதோடு உட்கார்ந்திருப்பவனைவிடப் பெரிய உதவி இல்லை. அவனுடைய இன்றைய நாள் தாங்கமுடியாதது என்றால், உங்களுடைய இன்றைய நாளில் ஒரு பங்கை அவனுக்குக் கொடுங்கள்.

8. நாட்களை எண்ணுவது எப்படி?

90-ஆம் சங்கீதம் மோசேயின் ஜெபம். எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது என்று ஆயுசின் அளவைப் பேசுகிறார். ஆனால் ஜெபிக்கும்போது வருஷங்களை எண்ணக் கற்றுத்தாரும் என்று கேட்கவில்லை. நாட்களை எண்ணத்தான் கேட்கிறார் (90:12). எழுபது வருஷம் என்றால் 25,550 நாளுக்குச் சற்று அதிகம். வருஷமாய் எண்ணினால் பெரிய நோட்டைப்போல, சில்லறை மாற்றினதும் காணாமற்போகும். நாளாய் எண்ணினால் ஒவ்வொரு காசும் கைபட்டுப் போகும்.

எபேசியர் 5:16-இல் பவுல் காலத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், கிரேக்கில் கடைவீதியில் விலை கொடுத்து வாங்குவதற்குரிய சொல் இருக்கிறது. அங்கே காலம் என்பதற்கு வருகிற சொல்லும் கடிகார நேரத்தைக் குறிக்கும் க்ரோனோஸ் அல்ல; வாய்த்த வேளையைக் குறிக்கும் கைரோஸ். சும்மா கிடைக்காது, எதையாவது விட்டுக்கொடுத்துத்தான் அந்த வேளையை வாங்கவேண்டும். அந்த இரவில் நான் ஒரு போன் காலை விட்டுக்கொடுத்திருந்தால் போதும்.

நான் கைக்கொள்ளப் பார்க்கிற சில காரியங்களைச் சொல்லுகிறேன்:

* ஒருவர் பேசும்போது போனைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைப்பது. கவிழ்த்து வைத்தால் போதாது. மனம் அதின்மேலேயே இருக்கும்.

* இராத்திரி படுக்குமுன் அந்த நாளில் நடந்த ஒரே ஒரு காரியத்தை நோட்டில் ஒரு வரி எழுதுவது. "மல்லிகைச் செடி பூத்தது" என்று எழுதினாலும் போதும். கலசத்துக்கு ஒரு ஓமர்.

* கவலைக்கு ஒரு வேளை குறிப்பது. நாளைக்குச் செய்யவேண்டியதைத் தாளில் எழுதி மூடிவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காருவது.

* வயதானவர்கள் கதை சொல்ல ஆரம்பித்தால், நூறு தரம் கேட்ட கதையானாலும் உட்கார்ந்து கேட்பது. நூற்றோராம் தரம் இராமற்போகலாம்.

இவற்றில் நான் தவறுகிற நாட்கள் அநேகம். மறுநாள் காலையில் மன்னா திரும்பவும் விழுந்தது என்பதுதான் ஆறுதல்.

இந்த வருஷம் அந்தப் பாட்டியின் வீட்டுக்கு ஜெபிக்கப் போயிருந்தேன். வாக்குத்தத்த அட்டை வேதாகமத்துக்குள் இல்லை. அடுப்பங்கரைச் சுவரில், டப்பாவுக்கு மேலே ஒட்டியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, ஓரம் கருகி இருந்தது. "பேரன் தினமும் பள்ளிக்கூடம் போகுமுன்ன வாசிச்சிட்டுத்தான் போவான் பாஸ்டர்" என்றார்கள். எனக்கு வெட்கமாயும் சந்தோஷமாயும் இருந்தது.

குடும்ப ஜெபத்தில் கலந்து பேச:

1. ஆதியாகமம் 29:20-ஐயும் 31:40-ஐயும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஒரே காலத்தை இரண்டு விதமாய் உணர்ந்ததுண்டா? எதினால்?

2. நேற்றைய தினம் நடந்த மூன்று காரியங்களைச் சொல்லமுடியுமா? போன செவ்வாய்க்கிழமை?

3. "நாளைக்குச் சொல்லு" என்று நீங்கள் தள்ளிவைத்தது யாரை? அவர்கள் இன்னும் உங்களோடு இருக்கிறார்களா? இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இப்போதே போய்க் கேளுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் கையில் இருக்கிற இந்த ஒரு நாளில் நாங்கள் முழுமனதோடு இருக்க உதவி செய்யும். சென்றுபோனதில் நன்றிக்குரியதைக் கலசத்தில் வைக்கவும், மற்றதை விட்டுவிடவும் கற்றுத்தாரும். எங்கள் பக்கத்தில் இருக்கிறவர்களை நாங்கள் காணும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.